உறவும் ஊறும்

'உறு' என்னும் ஓரடியினின்று நம் மொழியில் இரு சொற்கள் பிறந்திருக்கின்றன. ஒன்று உறவு, மற்றொன்று ஊறு. உறுதல் என்பது நெருங்குதல், பொருந்துதல், தொடுதல் எனப் பொருள்படும். நெருங்கிப் பொருந்தியவர் உறவினராயினர். ஊறு என்பதோ தொட்டறியும் உணர்வுக்குப் பெயராவதோடு, தீங்கிற்கும் பெயராய் நிற்கின்றது. தொடுவதனால் அன்பும் வரும், துன்பமும் வரும் என்பதை நம் முன்னோர் சொல்லாக்கத்திலேயே கண்டுவைத்தனர் போலும்! வகுப்பில் இதனைக் கேட்டபோது வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடு சென்றபோதுதான் இவ்விரு சொற்களும் ஒரு வாயிற்படியில் எதிரெதிரே நிற்கக் கண்டேன்.

எங்கள் அத்தையார், தந்தையாருக்குத் தமக்கையார், மதுரையில் எங்கள் வீட்டினின்று இரண்டு தெரு தள்ளி வாழ்கின்றார். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வருகின்றமையால், பிற நோய்களை எதிர்க்கும் வலிமை அவருடலில் குன்றியிருக்கின்றது. பண்டிகைக்கு மறுநாள் பலகாரத் தூக்குடன் அனைவரும் அத்தை வீட்டிற்குச் செல்வது எங்கள் குடும்பத்து வழக்கம். இம்முறை, பண்டிகைக்கு முன்னாள் மாலையில் என் தங்கைக்கு இருமலும் இளங்காய்ச்சலும் கண்டன. "இவள் இருமல் நின்று சில நாள் செல்லுமளவும் நம்மில் ஒருவரும் அவ்வீட்டினுள் அடி வைத்தலாகாது" என்றார் தந்தையார். "ஊரடங்கு ஒழிந்து இத்தனை ஆண்டாகியும் அந்தச் சட்டத்தை இந்த வீட்டில் மட்டும் எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றார் அன்னையார். யான் வாய் திறந்திலேன். ஆயினும் உள்ளத்தில் அன்னையார் பக்கமே நின்றேன். அதற்கு ஒரு பழங்காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கொள்ளைநோய்க் காலத்தில் உறவினரைக் காண்டல் குறித்து விதிக்கப்பட்ட நெறிகளை, அவற்றை விதித்த அரசே கைவிட்ட பின்னும், குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டுமோ, வேண்டாவோ? இவ்வினா எங்கள் வீட்டில் மட்டும் எழுந்ததன்று. விடுதி நண்பர் பலரிடம் பேசியபோது, ஏறக்குறைய ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ காணப்படாமலே மறைந்த கதை இருக்கின்றதென அறிந்தேன். அதனாற்றான் இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் அந்நெறிகள் யாவை என்பதை நினைவுகூர்தல் நலம்; அண்மையில் நிகழ்ந்தனவாயினும் அவற்றை நாம் விரைந்து மறந்து வருகின்றோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் மாலை தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கிற்று. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாளுக்கு அது விரிந்து, பின்னர்ப் பன்முறை நீட்டிக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தினின்று மற்றொன்றிற்குச் செல்ல இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. திருமணம், இறப்பு, மருத்துவம் என்னும் காரணங்களுக்கே பெரும்பாலும் அது கிடைத்தது. தாயைக் காண மகன் விரும்புதல் அக்காரணங்களுள் ஒன்றாக இல்லை. தாய் இறந்தபின் காண விரும்பின் அது காரணமாயிற்று! திருமணத்திற்கு 50 பேர், இறுதிச் சடங்கிற்கு 20 பேர் என்று அளவு வகுத்தனர். ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தோர்க்கெல்லாம் சீட்டு வழங்கினர். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அச்சீட்டே நீங்கிற்று. இரண்டாம் அலை எழுந்தபோது 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. 2022 மார்ச்சு 31-உடன், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நடுவணரசு விதித்த கட்டுப்பாடுகள் முடிவுற்றன. உலக நலவாழ்வு நெருக்கடி என்னும் நிலை நீங்கியதென 2023 மே 5-இல் அறிவிப்பு வந்தது. ஆதலின் இன்று சட்டம் என்று ஒன்றும் இல்லை. எஞ்சியிருப்பன குடும்பத்தின் அறிவும் மனச்சான்றுமே.

அந்நெறிகளை முழுவதும் மூடச் செயல் என்று இப்பொழுது எள்ளுவோர் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. நோய்க்குறி தோன்றுதற்கு ஓரிரு நாள் முன்னரே அந்நோயைப் பிறர்க்கு அளிக்க ஒருவன் வல்லவனாயிருந்தான். தொற்றியதற்கும் குறி தோன்றுதற்கும் இடையே 14 நாள் வரை செல்லக்கூடும். ஆகவே, 'யான் நலமாயிருக்கின்றேன், என் தாயைக் காணச் செல்வேன்' என்று நேர்மையாகவே ஒருவன் சொன்னாலும் அச்சொல் சான்றாகவில்லை. தடுப்பூசி அப்போது இல்லை; இறந்தவருள் முதியோரே மிகுதி. இன்னார் செல்லலாம், இன்னார் செல்லலாகாது என்று பகுத்தறிய வழியில்லாதபோது, அனைவரையும் ஒருங்கே நிறுத்துதலன்றி வேறு செய்தற்கில்லை. குற்றமற்றவரையும் நிறுத்தியமை அந்நெறியின் கொடுமை. எவரையும் விலக்கின்றி நிறுத்தியமை அதன் நேர்மை.

நிற்க. இத்தகைய விலக்கு நமக்குப் புதியதன்று. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகும் வழக்கத்தை அறியாத தமிழர் அரியர். பெரியம்மை 1980-இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டுவிட்டது. சின்னம்மை இன்னும் இருக்கின்றது, வேப்பிலையும் இருக்கின்றது. என் ஆச்சி (தந்தையாரைப் பெற்றவர்) தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அவ்வூரிலேயே மறைந்தவர். அவர் சிறுமியாயிருந்தபோது அவருடைய தம்பிக்கு அம்மை போட்ட கதையைப் பன்முறை எமக்குச் சொல்லியிருக்கின்றார். வாயிலில் இலை ஏறிய அன்றே தெருவிலுள்ளார் அனைவர்க்கும் செய்தி எட்டிவிடும். வந்த விருந்தினர் இலையைக் கண்டவுடன் வெளியே நின்றே இரண்டு வார்த்தை கேட்டுத் திரும்புவர். பால் ஊற்றுபவள் படிக்கட்டில் வைத்த செம்பில் ஊற்றிவிட்டுப் போவாள். வீட்டினரும் பிறர் வீட்டுத் திருமணத்திற்கோ கிணற்றடிக்கோ செல்லார். அடுப்பில் தாளிப்பு இல்லை. உள்ளே பிள்ளையின் அருகில் இருப்பவர் ஒரே ஒருவர். அவரும் முன்னர் அம்மை கண்டு பிழைத்தவர், முகத்தில் தழும்புடைய ஒரு பெரியம்மாள். வெயிலிற் காய்ந்த நீரில் வேப்பிலையும் மஞ்சளும் இட்டு, நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றுவர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பின்னர் இலையை எடுத்துவிடுவர். அன்று பிற்பகலுக்குள் வீடு நிறைய உறவினர் வந்துவிடுவராம். எம்மவருள் சிலர் இஃது அயற்சமய வழக்கெனக் கடிந்ததும் உண்டு. ஆச்சி வீட்டார் அம்மனை வணங்காதவராயினும் இலையை மட்டும் விட்டிலர். "தெருவில் போகிறவனுக்குத் தெரிய வேறே பலகையா இருந்தது?" என்று கேட்பார் ஆச்சி.

இவ்வழக்கத்தை எண்ண எண்ண இதனுள் எத்துணை அறிவு பொதிந்துள்ளது என்பது புலனாகின்றது. விலக்கு என்பது மறைவாக இல்லை, வாயிலிலேயே தொங்கிற்று. ஆகவே திரும்பிச் சென்றவனை அன்பற்றவன் என்று எவரும் குறை கூறவில்லை; திருப்பியனுப்பியவரையும் செருக்குடையவர் என்று கூறவில்லை. உள்ளே கிடந்த பிள்ளை தனித்து விடப்படவில்லை; தீங்கின்றி அருகிருக்க வல்லார் ஒருவரைத் தேடி அமர்த்தினர். எல்லாவற்றினும் மேலாக, விலக்கு நீங்கும் நாள் ஒன்று இருந்தது. இலையேற்றத் தெரிந்தவர்க்கு இலையிறக்கவும் தெரிந்திருந்தது.

விவிலியத்திலும் இதனை ஒத்த ஒன்றைக் காணலாம். லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் தோல்நோய் உடையவனை ஏழு நாள் அடைத்துவைத்து ஆசாரியன் மீண்டும் பார்க்க வேண்டும் என்கின்றது. அதனைப் படித்துக் கடுமை என்று முகஞ்சுளிப்போர் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டுவதில்லை. நலமுற்றவனை எவ்வாறு பாளையத்தினுள் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்பதைப் பற்றியே அது தொடங்கி நெடுகப் பேசுகின்றது. இன்று டுப்ரோவ்னிக் என வழங்கும் ரகூசா துறைமுகத்தில் 1377-இல் கொள்ளைநோய் நாட்டினின்று வந்தோரை 30 நாள் தனித்திருக்கச் செய்தனர். பின்னர் அது 40 ஆயிற்று. நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லினின்றே குவாரண்டைன் என்ற பெயர் பிறந்தது. விலக்கின் பெயரே அதன் முடிவுநாளைச் சொல்லிற்று.

2020-இல் நமக்குக் கிடைத்த நெறியில் இந்த மூன்றாம் தண்ணீர் இல்லை. மீண்டும் மீண்டும் அது நீண்டது. என்று முடியும் என்பது விதித்தவர்க்கும் தெரியவில்லை. அதற்காக அவரைப் பழித்தல் முறையன்று, நோயே புதிது. ஆயினும் தனித்து வாழும் முதியோர்க்கு ஒரு வழியைத் திறந்திருக்கலாம். இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல், தனியே வாழ்பவர் வேறொரு குடும்பத்தைத் தேர்ந்து, அக்குடும்பத்தோடு ஒரே வீட்டார் போலப் பழகலாம் என்று விதியைத் தளர்த்தினர். அதனை 'ஆதரவுக் குமிழி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பெயர் சற்றே வேடிக்கைதான். ஆயினும் முகத்தழும்புடைய அந்தப் பெரியம்மாளின் இடத்தை அவ்விதி ஒருவாறு நிரப்பிற்று. நம் சீட்டு முறையில் அவ்விடம் வெறுமையாகவே இருந்தது.

இனி, பின்னர்க் கூறுவேன் என்றதைக் கூறுகின்றேன்.

ஆச்சிக்கு அப்போது அகவை 77. தனியே இருந்தார். வீட்டு முகப்பில் அகன்ற திண்ணை. அதன்மேல் நிழல் விழ ஒரு பூவரசு. என் தந்தையார் மருந்துக்கடை நடத்துபவர். ஊரெல்லாம் அடங்கியிருந்த நாளிலும் அவர் கடை அடங்கவில்லை. நாள்தோறும் இருமுவோர் முகத்தின் முன்னே நின்றார். 2020 செப்டம்பரில் சீட்டு நீங்கியவுடன், திருநெல்வேலியிலிருந்த சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுச் சென்றார். அவர் திண்ணையில் முகக்கவசத்துடன் அமர, ஆச்சி நிலைப்படிக்கு உட்புறம் நாற்காலியிட்டு அமர, ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினார். பின்னர் மாதந்தோறும் அவ்வாறே சென்றார். தந்தையார் செல்லவில்லை. "ஆணை நீங்கிற்று, நோய் நீங்கவில்லை" என்பதே அவர் விடை. மாலைதோறும் தொலைபேசியில் பேசுவார். ஆச்சி மறுமுனையில் வேறொன்றும் கேளார், "எப்பம் வாறிய?" என்பதொன்றே கேட்பார்.

2021 மார்ச்சு முதல் 60 அகவை கடந்தோர்க்குத் தடுப்பூசி தொடங்கிற்று. ஆச்சியும் போட்டுக்கொண்டார். ஏப்ரல் 4, உயிர்த்தெழுந்த திருநாளன்று அனைவரும் ஊருக்குச் செல்வதென முடிவாயிற்று. துணிகளையும் எடுத்து வைத்தோம். முன்னாள் இரவு தங்கைக்குக் காய்ச்சல். தந்தையார் பயணத்தை நிறுத்தினார். மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது. அஃது எக்காய்ச்சல் என்று சோதித்தறியவும் இல்லை. அடுத்த கிழமை செல்வோம் என்றிருந்தோம். அதற்குள் இரண்டாம் அலை. மே மாதத்தில் ஊரடங்கு. ஜூன் மாதத்து இரவு ஒன்றில் ஆச்சி உறக்கத்திலேயே இறந்தார். அவரைக் கொண்டுசென்றது கொரோனா அன்று, முதுமைதான். 20 பேர் என்ற வரம்பினால் பிள்ளைகளாகிய எங்களை அழைத்துச் செல்லவில்லை. கல்லறையினின்று திரும்பும் வழியில், "அண்ணா, நான் திண்ணையிலாவது இருந்தேன், நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள்" என்று சித்தப்பா கூறினாராம். அன்று முதல் இரு வீட்டாருக்கும் இடையே பேச்சுக் குறைந்தது. அந்நாள் தொட்டு யானும் என் தந்தையாரைக் குற்றவாளியாக மனத்துள் நிறுத்தியிருந்தேன்.

இப்போது அவ்வழக்கை மீண்டும் எடுத்துப் பார்க்கின்றேன். அந்த ஈஸ்டர் முன்னிரவில் தந்தையார் செய்தது பிழையன்று. காய்ச்சல் சிறிது என்று தெரிந்தது மூன்று நாள் கழித்து. முடிவு செய்ய வேண்டியிருந்தது அன்றிரவே. பின்னர் அறிந்ததைக் கொண்டு முன்னர் முடிவு செய்தவனை வினவுதல் முறையாகாது. சித்தப்பா நோய் கொண்டுசெல்லவில்லையாதலின் அவர் செய்ததே சரி என்பதும் வாதமாகாது; கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தவன் பிழைத்தமையால், கண்ணைக் கட்டிக் கடத்தலே முறை என்பார் உளரோ? சித்தப்பா செய்தது சரியானதற்குக் காரணம் வேறு. அவர் உள்ளே செல்லவில்லை. காற்றோடும் வெளியில் அந்நோய் பரவுதல் அடைத்த அறையிற் பரவுவதைவிட மிகக் குறைவு என்பது அப்போதே அறிந்த செய்தி. அவர் நெறியின் காரணத்தைப் பிடித்துக்கொண்டார். என் தந்தையார் நெறியின் எழுத்தையும் கடந்து, எழுத்தில் இல்லாததையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் முதல் மார்ச்சு வரை ஏழு மாதம் திண்ணை காலியாக இருந்தது. அது பிழை. அஃது அச்சத்தாற் செய்த பிழை. அன்பின்மையாற் செய்ததன்று என்பதையும் சேர்த்தே எழுதுகின்றேன். இருமும் முகங்களின் முன் நின்ற ஒருவர், தம்மையே நஞ்சென எண்ணினார்.

இவ்விடத்தில் நம் மொழி வழக்கு ஒன்று எனக்குத் துணை செய்கின்றது. உறவினர் வீட்டிற்குப் போவதை நாம் எவ்வாறு கூறுகின்றோம்? 'மாமாவைப் பார்க்கப் போனேன்', 'பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்' என்போம். உண்ணுதலும் தழுவுதலும் உடன் தங்குதலும் பின்வருவன. வினை என்னவோ காண்டலே. நோய் விலக்குவது மூச்சுக் கலத்தலை. கண் கலத்தலை அது விலக்கவில்லை. திருவள்ளுவர் சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரம் வைத்தார். மருந்து என்று வேறோர் அதிகாரமும் வைத்தார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுமாறு கூறினாரல்லர்.

ஆதலின், இன்று குடும்பங்கள் எதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பதற்கு என் விடை இது. நலமாயிருப்பவர் வீட்டில் அடைந்திருத்தல், ஆட்டொகையை எண்ணி அழைத்தல், நேரிற் செல்லக் கூடியபோதும் தொலைபேசியோடு அமைதல் ஆகியவை காலம் போய்விட்ட நெறிகள். அவற்றை இன்னும் பிடித்திருத்தல் மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பின்னும் இலையை எடுக்க மறுத்தலாகும். ஆனால் இருமலோடும் காய்ச்சலோடும் முதியவர், கைக்குழந்தை, மருந்தேற்றிக்கொள்பவர் ஆகியோர் இருக்கும் வீட்டினுள் நுழையாதிருத்தல் 2020-இல் பிறந்த நெறியன்று. அரசு ஆணையால் வந்ததன்று. அரசு கைவிட்டதனால் போவதும் அன்று. நமக்குத் தடிமனாய்ப் போகின்ற நோய் அவர்களுக்கு உயிரைக் கொண்டுபோகக் கூடும். கொரோனா மட்டுமன்று, இன்ஃபுளுயன்சாவும் அத்தகையதே.

இதற்கு ஒரு தடை கூறுவர். வாராதிருத்தலை நம் பக்கத்தார் எளிதில் மன்னிப்பதில்லை. துக்கத்திற்கு வாராதவன் பெயர் மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். மேலும், வேண்டாத திருமணத்திற்குச் செல்லாதிருக்கக் காய்ச்சல் ஒரு நல்ல காரணமாகிவிட்டது என்பதையும் மறுத்தற்கில்லை; அக்காய்ச்சல் விருந்து முடிந்த மாலையே தணிந்துவிடுவதையும் கண்டிருக்கின்றோம்! இக்காரணத்தாலேயே மெய்யாகவே நோயுற்று வாராதவன் சொல்லும் நம்பப்படுவதில்லை. முன்னாளில் வேப்பிலை இவ்விரண்டிற்கும் விடை சொல்லிற்று. அது பொய் சொல்லாது, பிறர்க்கும் தெரியும். இன்று இலை தொங்குவதில்லையாதலின், வாராதவர் தாமே முன்வந்து காரணம் கூறி, வரும் நாளையும் கூற வேண்டும். நாள் கூறாமல் 'பிறகு வருகிறோம்' என்பதில்தான் ஏழு மாதம் ஒளிந்திருக்கின்றது.

இனி, அத்தையார் வீட்டிற்கு வருகின்றேன். அன்னையார் கேட்ட கேள்விக்குத் தந்தையார் விடை கூறவில்லை. பண்டிகைக்கு மறுநாட் காலையில் பலகாரத் தூக்கை எடுத்துக்கொண்டு, "நீ வா" என்று என்னை மட்டும் அழைத்தார். இருவரும் முகக்கவசம் அணிந்து நடந்தோம். அத்தை வீட்டுக் கம்பிக் கதவில் தூக்கை மாட்டிவிட்டுத் தெருவிலே நின்றோம். அத்தையார் மாடி முகப்பில் வந்து நின்றார். மருந்தினால் முடி உதிர்ந்து, தலையில் துணி கட்டியிருந்தார். தங்கையின் காய்ச்சலைக் கேட்டார், கடையைக் கேட்டார், என் படிப்பைக் கேட்டார். வழியிற் போவோர் எங்களைத் திரும்பிப் பார்த்தனர். "தம்பி, வெயிலிலே நிற்காதே, போ" என்று மூன்று முறை கூறினார். தந்தையார் நகரவில்லை. ஏறக்குறைய அரைமணி நேரம் நின்றோம். ஜனவரி 4-ஆம் நாள் வீட்டாரனைவரும் உள்ளே வருவோம் என்று நாள் கூறிவிட்டுப் புறப்பட்டோம், அவ்வாறே வந்தோம்.

அன்று திரும்பும் வழியில் அவர் சிறிது தொலைவு பேசாது நடந்தார். பின்னர், "அம்மா வீட்டிலும் திண்ணை இருந்தது" என்றார். யான் ஒன்றும் கூறவில்லை. மாலையில் அவர் திருநெல்வேலிக்குத் தொலைபேசியில் பேசியது அடுத்த அறையிலிருந்த எனக்குக் கேட்டது.